தெரட்டிக்கு ஊரைக் கூட்டினோமே... நிற்கும்போது மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் ஒரு பெண் பெரியவளாகி விட்டால் என்ன அமர்க்களம்! தாய்மாமன் சீர் தூக்கிக்கொண்டு வருவார். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று அப்பத்தாவும் அம்மாயியும் போட்டி போட்டு ஊட்டுவார்கள். மண்டபம் பிடித்து, ஃபிளக்ஸ் வைத்து, பந்தி போட்டுத் தெரட்டி செய்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள்.

அதே பெண்ணுக்கு முப்பது, முப்பத்தைந்து வருஷம் கழித்து அந்த மாதவிலக்கு நிற்கப் போகிறது. அப்போது யாராவது ஒரு வார்த்தை சொல்கிறார்களா? "இப்படியெல்லாம் வரும், பயப்படாதே கண்ணு" என்று தோளில் கை வைக்கிறார்களா? ஊஹூம்! அவள் பாட்டுக்கு வேர்த்து, எரிந்து விழுந்து, தனியாக அழுது தீர்க்கிறாள். கடைசியில் ஒருநாள், "பேசாம கர்ப்பப்பையை எடுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்ற யோசனை மட்டும் எல்லோரிடமிருந்தும் வந்துவிடுகிறது.

நான் டாக்டர் இல்லை. இந்தக் கட்டத்தைத் தாண்டி வந்த ஒரு சாதாரணக் குடும்பத் தலைவி. முன்னாலேயே தெரிந்திருந்தால் எத்தனை வேதனை மிச்சமாகியிருக்கும் என்று நினைத்து நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நிற்பதற்கு முன்பே ஆரம்பித்துவிடும்!

மெனோபாஸ் என்றால் ஒருநாள் பட்டென்று விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிடும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லைங்க. தொடர்ந்து 12 மாதம் விலக்கு வராமல் இருந்தால்தான் அது நின்றுவிட்டதாகக் கணக்கு. அதற்கு நாலைந்து வருஷம் முன்பே, சிலருக்கு இன்னும் முன்பே, உடம்பு தடுமாற ஆரம்பித்துவிடும். மேலை நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 51 வயதில் நிற்கிறது. நம் நாட்டில் 46, 47 வயதிலேயே! அப்படியென்றால் 40-ஐத் தாண்டியதுமே நாம் விழித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? 40 வயதுக்கு முன்பே நின்றுவிட்டால் அது இயல்பானது கிடையாது. கட்டாயம் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

அந்தத் தடுமாற்றம் விலக்கில் மட்டும் தெரிந்தால் பரவாயில்லை. நடுராத்திரியில் ஜாக்கெட் நனைகிற அளவுக்கு வியர்வை, திடீரென்று முகத்தில் அனல், படபடப்பு, தூக்கமின்மை, மூட்டு வலி, காரணமில்லாத அழுகை, அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போவது... எல்லாம் இதில் சேர்த்திதான். சித்திரை மாதம் சேலத்து வெயிலில் வேர்த்தால் யாருக்கும் சந்தேகம் வராது. மார்கழிப் பனியில், கோலம் போட உட்கார்ந்த இடத்தில் வேர்த்துக் கொட்டினால்?

எனக்குப் படபடப்பு வந்தபோது இதய டாக்டர், மூட்டு வலித்தபோது எலும்பு டாக்டர், தூக்கம் வராதபோது மெடிக்கல் ஷாப்பில் ஒரு மாத்திரை என்று ஒரு வருஷம் அலைந்தேன். "உங்களுக்கு விலக்கு ஒழுங்கா வருதாம்மா?" என்று யாரும் கேட்கவில்லை. அதையும் இதையும் முடிச்சுப் போட எனக்கும் தெரியவில்லை. படபடப்பு என்றால் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் பரிசோதிப்பது நல்லதுதான். ஆனால் உங்கள் வயதையும் விலக்கு விவரத்தையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள்.

"போகும்போது அப்படித்தான்" என்பார்கள்... நம்பாதீர்கள்!

இந்த வயதில் அதிக ரத்தப்போக்கு வரும்போது நம் வீடுகளில் இரண்டு தப்பு நடக்கிறது. ஒன்று, "நிக்கப் போறப்ப அப்படித்தான் கொட்டும்" என்று மாதக்கணக்கில் விட்டுவிடுவது. இன்னொன்று, நேராக ஆபரேஷனுக்குப் போய்விடுவது. இரண்டுக்கும் நடுவில்தான் வைத்தியமே இருக்கிறது!

எனக்கு 44 வயதில் பதினைந்து நாள் விடாமல் போக்கு. ஸ்கேன் எடுத்த இடத்தில், "சின்னக் கட்டி இருக்கு, எதுக்கு வம்பு? எடுத்துடலாம். வெள்ளிக்கிழமை அட்மிட் ஆயிடுங்க" என்றார்கள். என் நங்கையாளும், "நானும் அப்படித்தான் அம்மணி எடுத்தேன். அதுக்கு இனிமே என்ன வேலை?" என்றார். சரியென்று தலையாட்டிவிட்டேன். என் மகள்தான் பிடிவாதம் பிடித்து வேறொரு டாக்டரிடம் கூட்டிப் போனாள். அவர் முதலில் ரத்தத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். ஹீமோகுளோபின் 8-கூட இல்லை. தைராய்டு வேறு குறைவு! கர்ப்பப்பையின் உள்சுவரிலிருந்து துளி எடுத்துச் சோதித்து, புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்தார். தைராய்டு மாத்திரை, இரும்புச்சத்து, போக்கைக் கட்டுப்படுத்த சில மாதம் மருந்து... அவ்வளவுதான். மூன்று வருஷத்தில் விலக்கு தானாக நின்றது. அந்தக் 'கட்டி'யும் சுருங்கிவிட்டது. நார்க்கட்டிகள் பெரும்பாலும் விலக்கு நின்றபின் சுருங்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

என் நங்கையாள் கதை வேறு. 36 வயதில் ஆபரேஷன். அடுத்த வாரத்திலிருந்தே அனல், தூக்கமின்மை, எரிச்சல். ஐம்பது வயதைத் தாண்டி பாத்ரூமில் லேசாக வழுக்கியதில் இடுப்பெலும்பு முறிந்தது. அப்போது பழைய டிஸ்சார்ஜ் தாளைத் தேடி எடுத்துப் படித்த டாக்டர் கேட்டார்: "கர்ப்பப்பையோடு ரெண்டு சினைப்பையையும் எடுத்திருக்காங்களே, தெரியுமா?" தெரியாது! பதினேழு வருஷமாக அவர் உடம்பில் என்ன இல்லை என்பதே அவருக்குத் தெரியாது.

சினைப்பைதான் ஈஸ்ட்ரோஜன் சுரக்கும் இடம். இரண்டையும் எடுத்துவிட்டால் மெதுவாக வர வேண்டிய மெனோபாஸ் ஒரே நாளில் வந்து உட்கார்ந்துவிடும். சினைப்பையை விட்டுவிட்டுக் கர்ப்பப்பையை மட்டும் எடுத்தால்கூட, சிலருக்கு அது கொஞ்சம் சீக்கிரமே வரலாம்.

நம் ஊர்ப் பிரச்னை மட்டுமல்ல

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 3.3 சதவீதம் பேர் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டவர்கள். ஆந்திராவிலும் தெலங்கானாவிலும் நூற்றுக்கு எட்டுப் பேருக்கு மேல்! மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. மகாராஷ்டிராவின் பீட் மாவட்டத்தில் 2019-ல் அரசு அமைத்த குழு, கரும்பு வெட்டப் போகும் 82,000-க்கும் மேற்பட்ட பெண்களை விசாரித்ததில், 13,000-க்கும் மேற்பட்டோர் கர்ப்பப்பையை எடுத்தவர்கள் என்று தெரிந்தது. விலக்கு நாளில் லீவு போட்டால் கூலி போகும் என்ற பயம்!

"அது மகாராஷ்டிரா" என்று தள்ளிவிட முடியுமா? குமாரபாளையம், பள்ளிபாளையம் விசைத்தறிக் கூடத்தில் நின்றபடி வேலை செய்யும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். மரவள்ளிக் கிழங்கு உரிக்கப் போகிறவர், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குகிறவர்... மணிக்கொரு தரம் துணி மாற்ற எங்கே போவார்கள்? திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்காரர் ரிக் வண்டியோடு வடக்கே போனால் திரும்ப மாதக்கணக்கு ஆகும். நாமக்கல் லாரிக்காரர் வீடும் அப்படியே. துணைக்கு ஆள் இல்லாமல் தனியாகக் குடும்பத்தை ஓட்டும் பெண், "ஒரே தடவையில் தொல்லை ஒழிஞ்சுது" என்று முடிவெடுப்பதில் ஆச்சரியம் என்ன? அவளை நான் குறை சொல்ல மாட்டேன். வேறு வழி இருக்கிறது என்று அவளுக்குச் சொல்லாத நம்மைத்தான் குறை சொல்வேன்.

தேவையில்லாத ஆபரேஷன்கள் பற்றி டாக்டர் நரேந்திர குப்தா தொடுத்த பொதுநல வழக்கில், 2023 ஏப்ரல் 5-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மத்திய அரசு 2022-ல் வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்றது. நல்ல உத்தரவுதான். ஆனால் ஆபரேஷன் தாளில் கையெழுத்துப் போடப் போவது நாம் அல்லவா? கேட்க வேண்டியதை நாம்தானே கேட்க வேண்டும்?

புற்றுநோய், மருந்துக்கு அடங்காத போக்கு, பெரிய கட்டி போன்ற காரணங்களுக்கு ஆபரேஷன் தேவைதான். உயிரையே காப்பாற்றும். அப்போது தள்ளிப் போடவே கூடாது. மற்றபடி இந்த ஐந்து கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதி எடுத்துப் போங்கள்:

1. என் போக்குக்குக் காரணம் என்ன? ரத்தசோகை, தைராய்டு பார்த்தாகிவிட்டதா?

2. மாத்திரையிலோ, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்திலோ கட்டுப்படுத்த முடியாதா?

3. இன்னும் ஆறு மாதம் பொறுத்தால் என்ன ஆபத்து?

4. சினைப்பையையும் எடுப்பீர்களா? ஏன்?

5. இன்னொரு டாக்டரிடம் கருத்துக் கேட்க ரிப்போர்ட் தருவீர்களா?

நல்ல டாக்டர் இதற்கெல்லாம் கோபப்பட மாட்டார்.

ஒன்றை மட்டும் மறக்கவே கூடாது. விலக்கு நின்று ஒரு வருஷம் ஆனபின் ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் உடனே பரிசோதனைக்குப் போங்கள். "பழையபடி வந்துடுச்சே!" என்று சிரித்துவிட்டு விடாதீர்கள். பெரும்பாலும் சாதாரணக் காரணமாகவே இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

ஹார்மோன் என்றாலே பயமா?

2002-ல் அமெரிக்காவில் ஹார்மோன் மருந்து பற்றிய பெரிய ஆய்வு ஒன்றைப் பாதியில் நிறுத்தினார்கள். மார்பகப் புற்றுநோயும் பக்கவாதமும் கொஞ்சம் கூடுவதாகத் தெரிந்ததுதான் காரணம். உலகமே பயந்துபோனது. ஆனால் அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63! அதன்பின் நடந்த ஆராய்ச்சிகளில், 60 வயதுக்குள், அல்லது விலக்கு நின்று பத்து வருஷத்துக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பெரும்பாலும் கெடுதலைவிட நன்மையே அதிகம் என்று தெரிந்தது. அந்த மருந்துகள் மீதிருந்த கடுமையான எச்சரிக்கையின் பெரும்பகுதியை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2025 நவம்பரில் அறிவித்தது.

அதற்காக எல்லோரும் ஓடிப்போய் வாங்கிவிடக் கூடாது! மார்பகப் புற்றுநோய் வந்தவர்களுக்கும், காலில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கும் பொதுவாக இது ஆகாது. டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டியது. வாட்ஸ்அப்பில் வரும் பொடியும் லேகியமும் அதற்கு ஈடாகாது.

இன்னொன்றையும் கூச்சப்படாமல் சொல்லிவிடுகிறேன். இந்த வயதில் பிறப்புறுப்பு வறண்டு, தாம்பத்தியம் வலிக்கும். சிறுநீர்க் கடுப்பு அடிக்கடி வரும். இதற்குத் தடவும் க்ரீம்கள் இருக்கின்றன. "வயசாயிடுச்சு" என்று பல்லைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

எலும்பைப் பாருங்கள்... எதிரில்தான் இருக்கிறது மருந்து!

விலக்கு நிற்கும்போது வேகமாகத் தேய ஆரம்பிப்பது எலும்பு. அடுத்த ஐந்து, ஏழு வருஷத்தில் 20 சதவீதம் வரைகூட அடர்த்தி போகலாம். நமக்கோ கைக்கெட்டும் தூரத்தில் எல்லாம் இருக்கிறது. கொல்லிமலைக் கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம். முட்டைக்கு நாமக்கல்லைவிட்டால் வேறு ஊர் உண்டா? லாரி லாரியாக வெளியூருக்கு அனுப்புகிறோம், வீட்டுக்காரருக்கும் பையனுக்கும் அவித்துக் கொடுக்கிறோம், நாம் சாப்பிடுவதில்லை! தினம் அரை மணி வேகநடை, கொஞ்சம் வெயில், வருஷத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனை. விலக்கு நின்றபின் மாரடைப்பு ஆபத்தும் கூடுகிறது என்பதை மறக்காதீர்கள்.

"எங்க அம்மாயி காலத்துல இதெல்லாம் யாரு பார்த்தா?" என்பீர்கள். பட்டார்கள் அம்மணி, வெளியே சொல்லவில்லை, அவ்வளவுதான். கூன் விழுந்த முதுகோடு திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்தக் கிழவியை ஞாபகம் இருக்கிறதா? முதுகெலும்பு நொறுங்கியும் அப்படிக் கூன் விழும். நமக்கோ விலக்கு நின்றபிறகும் இருபத்தைந்து, முப்பது வருஷ வாழ்க்கை காத்திருக்கிறது. வலியிலும் எரிச்சலிலும் அதை ஓட்ட வேண்டுமா?

வீட்டு ஆண்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனைவி திடீரென்று எரிந்து விழுந்தால், "இவளுக்கு என்ன கேடு?" என்று கேட்காதீர்கள். "ராத்திரி தூங்கினியா?" என்று கேளுங்கள். அதிலேயே பாதி வியாதி பறந்துவிடும்.

அடுத்த தடவை சொந்தத்தில் யார் வீட்டிலாவது தெரட்டி வரும். சீரோடு போவோம், பந்தியில் சாப்பிடுவோம். அப்படியே அங்கே வந்திருக்கும் நாற்பதைத் தாண்டிய தங்கச்சியையோ, கொழுந்தியாளையோ ஓரமாகக் கூப்பிட்டு, "உனக்கு எப்படி இருக்கு கண்ணு?" என்று கேளுங்கள். என் மகளுக்கு நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். என் நங்கையாளும் இப்போது வாக்கரைப் பிடித்தபடி, பார்க்கிற பெண்களிடமெல்லாம் அந்த ஐந்து கேள்விகளைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்.