தொழில் வரி ஆளுக்கு. கதவு எண்ணுக்கு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

திருப்பூர் பல்லடம் சாலையில், வீரபாண்டி பிரிவுக்கு அருகே ஒரு கூடத்தில் மேசை வாடகைக்கு எடுத்துத் தொழில் செய்பவன் நான். எம்ப்ராய்டரிக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறேன். பக்கத்து மேசைகளில் நூல் ஏஜென்ட், ஏற்றுமதி ஆவணம் தயாரிப்பவர், கணக்கு எழுதுபவர் என்று பலர் இருக்கிறார்கள். தனி அலுவலகத்துக்கு அட்வான்ஸ் கொடுக்க வசதி இல்லாதவர்களுக்கு இந்தக் கோ-ஒர்க்கிங் கூடங்கள்தான் தொழிலில் முதல் படி.

ஆனால் வரி அலுவலகங்களில் எங்களை வரவேற்பது ஒரே கேள்விதான்: “இந்தக் கதவு எண்ணில் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறாரே, நீங்கள் எப்படி?” ஜிஎஸ்டி பதிவுக்குப் போனாலும் இதே கேள்வி, தொழில் வரிக்குப் போனாலும் இதே கேள்வி. வரி கட்ட வருபவரைச் சந்தேகத்தோடு திருப்பி அனுப்பும் இந்தப் போக்கை வன்மையாகக் கண்டிக்கிறேன்.

சொத்து வரி கட்டடத்துக்கு. தொழில் வரி ஆளுக்கு. அரசியலமைப்பின் 276ஆவது பிரிவே தொழில் வரிக்கு ஒருவருக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. கட்டடத்துக்கு இத்தனை என்று அது சொல்லவில்லை. ஒரே கூரையின் கீழ் பத்துப் பேர் தனித்தனியாகச் சம்பாதித்தால், வருமானத்துக்கு ஏற்பப் பத்துப் பேரும் கட்ட வேண்டும். 2011இல் வீரபாண்டி ஊராட்சி திருப்பூர் மாநகராட்சியோடு இணைந்தது. மாநகராட்சிக்கு உரிய வரியைத் தர நாங்கள் தயங்கவில்லை. அதை எங்கள் பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள் என்றுதான் கேட்கிறோம்.

ஜிஎஸ்டியில் சந்தேகம் வரக் காரணம் உண்டு. ஆளே இல்லாத முகவரியில் பதிவு எடுத்துப் போலி பில் போட்டவர்களால் அரசுக்கு இழப்பு. அதனால்தான் 2023இலும் 2024இலும் நாடு முழுவதும் சிறப்புச் சோதனை நடந்தது. சோதனையை நாங்கள் வரவேற்கிறோம். அதிகாரி நேரில் வரட்டும். மேசையையும் ஒப்பந்தத்தையும் செய்த வேலையையும் பார்க்கட்டும். வராமலே, முகவரியை மட்டும் பார்த்து ஒதுக்குவதுதான் அநியாயம்.

2025 ஏப்ரல் 17 அன்று ஜிஎஸ்டி பதிவு குறித்து மத்திய மறைமுக வரிகள் வாரியம் வெளியிட்ட அறிவுறுத்தல், பட்டியலில் இல்லாத ஆவணங்களையும் ஊகத்தின் பேரிலான விளக்கங்களையும் கேட்டு விண்ணப்பதாரரை அலைக்கழிக்கக் கூடாது என்கிறது. பகிர்ந்துகொள்ளும் இடத்துக்கு உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தை ஏற்கவும் வழி சொல்கிறது. பகிர்வு அலுவலகத்தில் இயங்கும் நிறுவனங்களுக்குத் தனித்தனிப் பதிவு தரலாம் என்று கேரளத்தின் ஜிஎஸ்டி முன்கூட்டிய தீர்ப்பு ஆணையமும் ஏற்கெனவே கூறியிருக்கிறது.

பதிவு கிடைக்காவிட்டால் நேரும் நஷ்டம் சிறியதல்ல. மேசை வாடகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி கட்டுகிறோம். பதிவு இருந்தால் அதை எங்கள் வரியில் கழித்துக்கொள்ளலாம். இல்லாவிட்டால் அது முழுக்கச் செலவு. ஜிஎஸ்டி பில் இல்லை என்றால் வேலை தரவும் கம்பெனிகள் தயங்குகின்றன. 2022இல் வணிகக் கட்டடங்களுக்கு 100 சதவீதம் உயர்த்தப்பட்ட சொத்து வரியும் வாடகை வழியாக எங்கள் தலையில்தான் விழுகிறது. சொத்து வரி உயர்வையும் வாடகை மீதான ஜிஎஸ்டியையும் எதிர்த்து 2024 டிசம்பரில் திருப்பூர் வணிகர்கள் கடையடைப்பு நடத்தினார்கள். அடைத்துக் காட்ட எங்களுக்குக் கடை இல்லை. அதனால் இந்தக் கடிதம்.

2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது பனியன் தொழில் பட்ட பாட்டை ஊரே அறியும். அந்த அடியைத் தாங்கிச் சிறிய அளவிலாவது சொந்தக்காலில் நிற்க முயல்பவர்களுக்கு உள்ளூர் அலுவலகம் தடையாக இருக்கக் கூடாது.

எங்கள் கோரிக்கைகள் மூன்று. மேசை எண் குறித்த ஒப்பந்தத்தையும் உரிமையாளரின் ஒப்புதல் கடிதத்தையும் மத்திய, மாநில வரி அலுவலகங்கள் ஒரே அளவுகோலில் ஏற்க வேண்டும். ஒரே கதவு எண்ணில் எத்தனை பேர் இருந்தாலும் ஒவ்வொருவருக்கும் தனித் தொழில் வரிக் கணக்கு தர வேண்டும். விண்ணப்பத்தை நிராகரித்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். மாநகராட்சி ஆணையரும் வணிகவரித் துறையும் இதற்கான உத்தரவை உடனே பிறப்பிக்க வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
எம்ப்ராய்டரி டிசைனர் ஒருவர்,
வீரபாண்டி, திருப்பூர்.