மூணு தோட்டா சுட்டு முடிவுக்கு வரும் மேதைகளுக்கு

முதல்லயே சொல்லிடறேன், என்கிட்ட துப்பாக்கி கிடையாது, வாங்கற உத்தேசமும் இல்லை. பி.காம் படிக்கிறவனுக்கு ரைபிள் தோட்டாவோட நீளத்துல என்ன வேலைன்னு கேட்பீங்க. அமெரிக்காவுல சுட்டு முடிச்ச பித்தளைக் கூட்டுல புது ப்ரைமர், மருந்து, குண்டு வச்சு வீட்டுலயே தோட்டா தயார் பண்றது பெரிய பொழுதுபோக்கு. அந்த வீடியோக்களை விடிய விடிய பார்த்ததுல ஒண்ணு புரிஞ்சுது. அவங்க கையில இருக்கற காலிப்பர் அங்குலத்துல ஆயிரத்துல ஒரு பங்கை அளக்குது. ஆனா அவங்க போடற கணக்கு எங்க முதல் வருஷ புள்ளியியல் பேப்பர்ல பாஸ் ஆகாது.

முதல் கூத்து, முழு நீளம். .308 வின்செஸ்டர் தோட்டாவுக்கு அடியிலிருந்து நுனி வரைக்கும் அதிகபட்சம் 2.810 அங்குலம். இதைச் சொல்றது 1926-ல ஆரம்பிச்ச 'ஸாமி'ங்கற அமைப்பு (நம்ம சாமி இல்லீங்க). எந்தக் கம்பெனி தோட்டாவும் எந்தக் கம்பெனி துப்பாக்கியிலயும் நுழையணும், அதுக்கான உச்சவரம்பு இது. பிஸ்கட் பாக்கெட்ல போட்டிருக்கற எம்.ஆர்.பி மாதிரின்னு வச்சுக்கலாம். அதைப் பிடிச்சுக்கிட்டு, "என் தோட்டா எல்லாம் மிகச்சரியா 2.810"னு மார்தட்டறாங்க.

அண்ணாச்சி, நீங்க அளந்தது குண்டோட நுனியை. ஈய நுனின்னா பெட்டியில உருண்டே நசுங்கியிருக்கும். போட்டிக்குச் சுடற ஓட்டை நுனிக் குண்டுலகூட ஒரே பெட்டிக்குள்ள நுனி ஏறி இறங்கி இருக்கும். பேரலுக்குள்ள இருக்கற மரையை முதல்ல தொடப்போறது நுனி இல்லை, அதுக்குக் கீழ வளைவு அகலமாகற 'ஓஜைவ்' பகுதி. அங்கிருந்து மரை ஆரம்பிக்கற இடம் வரைக்கும் குண்டு தாண்டற தூரம்தான் விஷயமே. அதை அளக்க காலிப்பர்ல மாட்டற கம்பரேட்டர்னு ஒரு சின்ன உருப்படி இருக்கு. நுனி வரைக்கும் அளந்த நீளம், தோட்டா மேகசின்ல நுழையுமான்னு பார்க்க உதவும். அதுக்கு மேல அதுக்கு மரியாதை வேண்டாம்.

கம்பரேட்டர் வாங்கினவங்க மட்டும் சும்மா இருக்காங்களா? "என் ரைபிளுக்கு இந்த அளவு அருமை, நீங்களும் வைங்க"ன்னு ஊருக்கெல்லாம் நம்பர் தர்றாங்க. உங்க கம்பரேட்டரோட ஓட்டை வேற, அவரோடது வேற. உங்க பேரல்ல மரை ஆரம்பிக்கற இடம் வேற. சுடச்சுட அந்த இடமும் தேய்ஞ்சு முன்னாடி நகரும். ஒருத்தரோட ரொக்கப் புத்தகத்துல இருக்கற மீதியை இன்னொருத்தர் தன் கணக்குல வரவு வைக்கற கதைதான் இது.

இப்ப வருது பெரிய கூத்து. ஆழத்தை 3 ஆயிரத்துப் பங்கு மாத்தி மாத்தி, ஒவ்வொண்ணுக்கும் மூணு மூணா சுட்டு, எது சின்ன வட்டத்துக்குள்ள விழுதோ அதுதான் 'சரியான ஆழம்'னு தீர்ப்பு. சாதாரண டிஜிட்டல் காலிப்பர்லயே 1 ஆயிரத்துப் பங்கு முன்னப்பின்ன இருக்கும்ங்கறதை விடுங்க. இவங்க அளக்கறது ரொம்ப தள்ளி விழுந்த ரெண்டு ஓட்டைக்கு நடுவுல இருக்கற தூரம். எங்க பாடத்துல இதுக்குப் பேரு வீச்சு. சிதறலை அளக்கற வழிகள்லயே ரொம்ப நோஞ்சான், ரெண்டு ஓரத்தை மட்டும் பார்த்துட்டு நடுவுல இருக்கறதை எல்லாம் தூக்கிப் போட்டுடும். அதோட, எத்தனை சுடறோமோ அத்தனைக்கு வளரும். தரக்கட்டுப்பாட்டு அட்டவணையை எடுத்துப் பாருங்க: ஒரு திசையில சராசரி வீச்சு, திட்ட விலக்கத்தைப் போல 3 உருப்படிக்கு 1.69 மடங்கு, 5-க்கு 2.33, 10-க்கு 3.08. துப்பாக்கியும் தோட்டாவும் அதேதான், 10 சுட்டா வட்டம் மூணு சுட்டதைவிட கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகத் தெரியும். இது சராசரிதான். ஒவ்வொரு மூணுலயும் அதிர்ஷ்டம் எவ்வளவு விளையாடும்னு யோசிச்சுக்கோங்க. 2022-ல ஹார்னடி கம்பெனிக்காரங்களே தங்களோட ஒலிபரப்புல இதைப் போட்டு உடைச்சாங்க. இன்னும் மூணு சுட்டு சான்றிதழ் கொடுக்கறது நிக்கலை.

ஆழம் முக்கியமே இல்லைன்னு நான் சொல்லலை. பெர்ஜர் கம்பெனி தன்னோட வி.எல்.டி குண்டுகளுக்குச் சொல்ற சோதனையே ஆழத்தை வச்சுதான். ஆனா அவங்க நகர்த்தறது 40 ஆயிரத்துப் பங்கு, 3 இல்லை.

இந்த விளையாட்டுல ஆபத்தும் இருக்கு, அதைத்தான் வீடியோவுல ஒரு வரியில தாண்டிடறாங்க. குண்டை ஆழமா இறக்கினா கூட்டுக்குள்ள இடம் குறைஞ்சு அழுத்தம் ஏறும். வெளிய இழுத்து மரையில முட்டவிட்டாலும் அழுத்தம் ஏறும். கையேட்டுல மருந்து அளவுக்குப் பக்கத்துல ஒரு நீளம் போட்டிருக்கறது, அந்த நீளத்துல வச்சுதான் சோதிச்சோம்னு சொல்றதுக்கு. நீளத்தை மாத்தறவங்க மருந்தை ஆரம்ப அளவுக்கு இறக்கிட்டு, அங்கிருந்து மறுபடி மேல வரணும். யாரோ கொடுத்த நம்பரை உச்ச அளவு மருந்தோட சேர்த்து வச்சுச் சுடறப்ப, பின்பக்கம் இருக்கறது உங்க முகம்.