தாய்மைப் புகழும் தாயின் வினாவும்

தாயைப் போற்றாத தமிழ் மேடை இல்லை. மொழியைத் தாய் என்கின்றனர். நாட்டைத் தாய் என்கின்றனர். யாழ்ப்பாணத்துக் கலைவிழாக்களில் தாய்மையின் பெருமை கூறும் நடனமோ கவியரங்கமோ இடம்பெறாமற் போவது அரிது. ஆயின், இத்துணைப் புகழுக்கும் உரியவளாகிய தாய் சமூகத்தை நோக்கி ஒரு வினாவை எழுப்பும்போது நிகழ்வது யாது? புகழ்ந்த வாய்கள் மூடிக்கொள்கின்றன. யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடந்த நாற்பது ஆண்டுக்கால வரலாறு இதற்குப் போதிய சான்று தருகின்றது. தாய்மையைப் போற்றுதல் என்பது தாய் கேட்ட வினாவுக்கு விடை தேடுதலேயாகும். அதனைச் செய்யாத புகழுரை, அவளை மௌனியாக்கும் உபாயமே.

மேடைப் புகழுரைகளுக்கு முதற்கண் கைகொடுப்பவை புறநானூற்று மறக்குடி மகளிர் பாடல்கள். காவற்பெண்டு, ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார், பொன்முடியார் ஆகிய பெண்பாற் புலவர்கள் போர்க்களத்துக்கு மகனை ஈந்த தாயைப் பாடினர். இடையறாது போர் நிகழ்ந்த வீரயுகச் சமூகத்தின் விளைபொருள்கள் அப்பாடல்கள். அவற்றை இலக்கியமாகக் கற்பது ஒன்று. இருபதாம் நூற்றாண்டுத் தாயிடம் அவள் மகனைக் கேட்பதற்கான ஆணைப்பத்திரமாக நீட்டுவது பிறிதொன்று. அவ்வாறு நீட்டியோர், போரில் தந்தையையும் குன்றையும் இழந்த பாரி மகளிரின் பாடலும் அதே தொகையிலேயே உண்டு என்பதைச் சொல்லாது விட்டனர்.

1983 யூலை வன்செயலுக்குப் பின்னர் வடபகுதியில் தமிழ் இளைஞர்கள் பெருந்தொகையாகக் கைது செய்யப்பட்டனர். இச்சூழலில் 1984 இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி உருவாயிற்று. வீட்டையும் கோயிலையும் கிணற்றடியையும் தம் உலகாகக் கொண்டிருக்குமாறு பழக்கப்பட்ட பெண்கள் வீதிக்கு வந்தனர். ஊர்வலமாகக் கச்சேரிக்குச் சென்று அரசாங்க அதிபரின் முன் தம் கோரிக்கையை வைத்தனர். பிள்ளைகளை விடுதலை செய்க என்பதே அக்கோரிக்கை. புறநானூற்றுத் தாய் மகனைக் கொடுத்தாள். இத்தாய் மகனைத் திருப்பிக் கேட்டாள். தமிழ்ச் சமூகத்தின் தாய்மைக் கருத்தியலில் இஃது ஒரு திருப்புமுனை.

அவ்வினா அரசை நோக்கி மட்டும் எழவில்லை. 1986 இல் இயக்கங்கள் ஒன்றையொன்று அழிக்கத் தலைப்பட்டபோது, கிழக்கில் பெண்கள் உலக்கைகளைக் கையிலேந்தி அக்கொலைகளைத் தடுக்க முன்வந்தனர். எவருடைய மகன், எவ்வியக்கத்தவன் என்று அவர்கள் பிரித்துப் பார்க்கவில்லை. அரசுக்கு எதிராகத் தாய் பேசியபோது கைதட்டியோர், தம்மை நோக்கி அவள் திரும்பியபோது அவளை ஐயுற்றனர். ஆயுத அதிகாரம் இறுக இறுக அன்னையர் அமைப்புகளின் சுயாதீனம் தேய்ந்தது. வீரத்தாய் என்ற பட்டம் எஞ்சியது. கேள்வி கேட்கும் தாய்க்கு இடம் எஞ்சவில்லை.

கலைத்துறையிலும் இவ்வரலாறே நிகழ்ந்தது. குழந்தை ம. சண்முகலிங்கம் எழுதி, க. சிதம்பரநாதன் நெறிப்படுத்திய ‘மண் சுமந்த மேனியர்’ 1985 இல் பல்கலைக்கழகத்திலிருந்து ஊர்களுக்குச் சென்றது; மக்கள் தம் துயரை அரங்கிற் கண்டனர். யாழ்ப்பாணப் பெண்கள் ஆய்வு வட்டம் 1986 இல் வெளியிட்ட ‘சொல்லாத சேதிகள்’ பெண்கள் பதின்மரின் கவிதைகளைத் தாங்கி வந்தது. பெண்ணைப் பற்றிப் பிறர் பாடிய நிலை மாறிப் பெண்ணே பேசிய தொகுப்பு அது. சண்முகலிங்கத்தின் ‘எந்தையும் தாயும்’ நாடகமோ, பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட ஊரில் தனித்துவிடப்பட்ட முதியோரை மேடைக்குக் கொணர்ந்தது. இவை தாய்மைக்கு மாலை சூட்டிய படைப்புகள் அல்ல. தாய்மாரும் மகளிரும் வாழும் நிலைமைகளைக் கேள்விக்குட்படுத்திய படைப்புகள்.

அவற்றைப் படைத்த தலைமுறைக்கு நேர்ந்தது யாது? இரு பெண் குழந்தைகளின் தாயும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உடற்கூற்றியல் துறைத் தலைவருமான ராஜினி திராணகம, அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பினரின் கொடுமைகளையும் பதிவு செய்தவர். 1989 செப்ரெம்பர் 21 இல் சுட்டுக்கொல்லப்பட்டார். கவிஞர் சிவரமணி 1991 மே மாதத்தில் தம் கவிதைகளை எரித்துவிட்டுத் தம் உயிரையும் மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில், நாடகமும் அரங்கியலும் பயின்ற மாணவியும் கவிஞருமான செல்வி விடுதலைப் புலிகளாற் கடத்தப்பட்டார்; அவர் திரும்பி வரவில்லை. 1990 ஒக்ரோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டபோது, குழந்தைகளை இடுப்பிற் சுமந்து நடந்தவர்களும் தாய்மாரே. தாய்மையைத் தெய்வமாக்கும் மேடைகளில் இத்தாய்மாரின் பெயர் ஒலிப்பதுண்டா?

மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் கோயில் முன்றலில் 1988 மார்ச் 19 இல் உண்ணாநோன்பைத் தொடங்கி ஏப்ரில் 19 இல் உயிர்நீத்த அன்னை பூபதியின் நினைவும் இங்கு கருதத்தக்கது. போரை நிறுத்துக, பேச்சுவார்த்தை நடத்துக என்பன அவர் இந்தியப் படையிடம் முன்வைத்த கோரிக்கைகள். அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மலர் தூவப்படுகின்றது. ஆயின் போர்நிறுத்தம் கேட்டு இறந்தவரின் பெயர், பின்னர் போருக்குப் பிள்ளைகளைக் கேட்ட மேடைகளிலும் ஒலித்தது. தியாகம் நினைவில் நின்றது, கோரிக்கை மறக்கப்பட்டது.

தாயின் வினாவுக்கு அரசு அளித்த விடை செம்மணி. 1996 செப்ரெம்பர் 7 இல் பரீட்சை எழுதி வீடு திரும்பிய மாணவி கிருசாந்தி குமாரசுவாமி, செம்மணிக் காவலரணில் மறிக்கப்பட்டார். மகளைத் தேடி அங்கு சென்ற தாய் இராசம்மாவும், தம்பியும், உடன் சென்ற அயலவரும் மகளைப் போலவே கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டனர். அத்தாய் செய்த ஒரே குற்றம், என் மகள் எங்கே என்று கேட்டமையே. 1998 இல் இவ்வழக்கில் மரண தண்டனை பெற்ற படையினருள் ஒருவர், செம்மணியில் மேலும் நூற்றுக்கணக்கானோர் புதைக்கப்பட்டுள்ளதாக நீதிமன்றிற் கூறினார். 1999 இல் பதினைந்து எலும்புக்கூடுகள் தோண்டியெடுக்கப்பட்டன. பின் நெடுங்காலம் மௌனம். 2025 இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் நிகழ்ந்த அகழ்வில் 200 க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் வெளிப்பட்டன. அவற்றுட் சிறு குழந்தைகளின் எலும்புகளும் இருந்தன. அவ்வாண்டு யூன் மாதத்தில் ‘அணையா விளக்கு’ என்ற பெயரில் மூன்று நாள் அங்கு நிகழ்ந்த போராட்டத்தில் முதிய தாய்மாரும் இளந்தலைமுறையினரும் ஒருங்கு நின்றனர். தலைமுறை கடந்த தாய்மையைக் கொண்டாடுதல் யாதென அறிய விரும்புவோர் அவ்விளக்கையே நோக்குதல் வேண்டும்.

தென்னிலங்கையும் இதற்கு விலக்கன்று. மக்கள் விடுதலை முன்னணியின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டபோது காணாமற்போனோரின் தாய்மார், 1990 யூலையில் மாத்தறையில் அன்னையர் முன்னணி அமைத்தனர். அவர்தம் துயர விபரங்களை அவ்வாண்டு ஜெனீவாவுக்கு எடுத்துச்செல்ல முயன்றவர், அன்று எதிர்க்கட்சி உறுப்பினராயிருந்த மகிந்த ராஜபக்ஷ. 2009 மே மாதத்தில் சனாதிபதியாக இருந்தவரும் அவரே. அம்மாதத்தில் முல்லைத்தீவில் உறவினரைப் படையினரிடம் கையளித்ததாகச் சாட்சியமளிக்கும் தமிழ்த் தாய்மாருக்கு அவரது ஆட்சி விடை தரவில்லை. எதிரணியில் இருக்கும்போது தாயின் கண்ணீர் ஆயுதமாகின்றது. அரியணை ஏறியதும் அதே கண்ணீர் தேசத்துரோகமாகின்றது. இஃது இன பேதம் அற்ற அரசியல் விதி.

தாய் என்ற பெயரிற் போராடுதல் பெண்ணைத் தாய்மைக்குள்ளேயே சிறையிடும் என்று பெண்ணிலைவாதிகள் சிலர் வாதிப்பர். இவ்வாதத்தில் உண்மை உண்டு. பிள்ளை பெறாத பெண்ணுக்கும் நீதி கேட்கும் உரிமை உண்டு. மனைவியும் சகோதரியும் அவ்வாறே. எனினும் பேசுவோரெல்லாம் கொல்லப்பட்ட காலத்தில், தாய் என்ற சொல் ஒன்றே அப்பெண்களுக்குத் திறந்திருந்த வாயில். அவ்வாயிலால் நுழைந்தவர்கள் குடிமக்களாகப் பேசினர். ஆர்ஜென்ரீனாவின் மே சதுக்கத்தில் 1977 ஏப்ரில் 30 இல் முதன்முதற் கூடிய அன்னையரும் அவ்வாறே செய்தனர். அங்கு பாட்டிமாரும் தனி அமைப்புக் கண்டு, மரபணுச் சோதனையின் துணையுடன் 130 க்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளை இனங்கண்டுள்ளனர். கண்ணீர் அங்கே அறிவியலையும் சட்டத்தையும் தன் பணிக்கு அழைத்தது.

ஈழத்திலோ, 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் தொடங்கிய போராட்டம் 2022 இல் 2,000 நாள்களைக் கடந்தது. விடை அறியாமலே பல தாய்மார் இறந்துவிட்டனர். ஒரு தாய் இறக்கும்போது அவளோடு சாட்சியம் ஒன்றும் இறக்கின்றது. இந்நிலையில் வெறும் தாய்மைப் பாடல்களை அரங்கேற்றுவது கலைப்பணியன்று; காலங்கடத்தும் பணி.

ஆதலின் தாய்மையைக் கொண்டாட விழைவோர்க்குச் செய்யவேண்டிய வேலை உண்டு. கலைஞர்கள் அவளைச் சிலையாக்குவதை விடுத்து அவள் கூற்றை அரங்கேற்றுக. மாணவர்கள் ஊர்தோறும் சென்று எஞ்சியுள்ள தாய்மாரின் சாட்சியங்களைப் பதிவு செய்க; அவற்றைச் சிங்களத்திலும் வெளியிடுக. அரசு கொன்றவர்களின் தாய்க்கும், இயக்கம் கொன்றவர்களின் தாய்க்கும், துரத்தப்பட்ட முஸ்லிம் தாய்க்கும் ஒரே வரிசையில் ஆசனம் இடுக. சங்கங்களின் விழாக்களில் அவர்களைப் பொன்னாடை போர்த்தி ஓரமாக அமர்த்தாது, ஒலிவாங்கியை அவர்களிடம் கொடுத்துவிட்டுப் பேச்சாளர்கள் கீழே அமர்ந்து கேட்கட்டும். விடை கூறவேண்டியோர் அப்போதாவது சபையில் இருக்கட்டும்.