அடுத்தவர் பக்கத்தில் எழுதுங்கள்

கையெழுத்துப் படியோடு எங்கள் பதிப்பகத்துக்கு வருகிற புதிய எழுத்தாளர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது வெளியீட்டு விழாவைப் பற்றித்தான். எந்த மண்டபம், யார் தலைமை, முதல் படியை யார் பெற்றுக்கொள்வது, பிளக்ஸில் யார் படம் வரவேண்டும் என்று பேச்சு நீளும். புத்தகம் யாருக்காக எழுதப்பட்டது, அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்ற கேள்வி அநேகமாக எழுவதே இல்லை. மதுரையில் ஒரு சிறு பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துபவளாகச் சேர்ந்து, இப்போது நூல்களைச் செப்பம் செய்யும் பொறுப்பில் இருக்கிறேன். விழா முடிந்த மறுநாள் மீதிக் கட்டுகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்புவதும் என் வேலைதான். அந்த உரிமையில் ஒன்று சொல்கிறேன். விழாவுக்குச் செலவிடுகிற பணத்திலும் பதற்றத்திலும் பாதியை, வேறு யாரோ நடத்துகிற, வேறு யாரோ படிக்கிற ஓர் இதழில் நல்ல கட்டுரை ஒன்று எழுதுவதில் செலவிடுங்கள்.

விழாவுக்கு வருகிறவர்கள் எழுத்தாளரை ஏற்கெனவே அறிந்தவர்கள். உறவினர், உடன் வேலை பார்த்தவர், சக எழுத்தாளர். அவர்கள் வரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வட்டத்துக்கு வெளியே புத்தகம் ஓர் அடிகூட நகர்வதில்லை. முன்பெல்லாம் முதல் பதிப்பு 1,200 படிகள் என்பது தமிழில் சாதாரணம். இன்று 300 அச்சிடவே தயங்குகிறோம். தேவைக்கேற்ப அச்சிடும் வசதி வந்தபிறகு அதற்கும் குறைவாகப் போடுகிறவர்கள் உண்டு. சென்னையில் ஜனவரியில் நடக்கிற புத்தகக் காட்சியும் இப்போது மாவட்டந்தோறும் நடக்கிற புத்தகத் திருவிழாக்களும் பெரிய வரம். அங்கே ஆயிரக்கணக்கான தலைப்புகளுக்கு நடுவே அறியாத பெயர் ஒன்றைக் கையில் எடுக்கவைப்பது எது? அந்தப் பெயரை எங்கோ ஏற்கெனவே படித்திருக்கவேண்டும். மதிப்புரை உதவாதா என்று கேட்கலாம். உதவும். ஆனால் மதிப்புரையில் கேட்பது இன்னொருவர் குரல். எழுதியவரின் குரலையே ஒரு பக்கம் கேட்டுவிட்ட வாசகர், அதே குரலில் இருநூறு பக்கம் கேட்கத் தயாராக வருகிறார்.

இது புதிய யோசனையும் அல்ல. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தது 1887இல். பிறகு பத்துப்பாட்டு, சிலப்பதிகாரம், புறநானூறு, மணிமேகலை. புலவர்களும் கல்லூரிகளும் அவரைக் கொண்டாடினார்கள். ஆனால் சிந்தாமணியைப் புரட்டியும் பார்க்காத வீடுகளில் அவர் 'தமிழ்த் தாத்தா'வாக நுழைந்ததற்குப் பத்திரிகைகளில் அவர் எழுதியவை பெரிய காரணம் என்று நினைக்கிறேன். அவருடைய மாணவர் கி.வா.ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த கலைமகள் உள்ளிட்ட இதழ்களில், ஏடு தேடி அலைந்த கதைகளையும் பழைய சங்கீத வித்துவான்கள், புலவர்கள் கதைகளையும் எளிய உரைநடையில் எழுதினார். 1940 தொடக்கத்தில், தம் 85ஆவது வயதில், ஆனந்த விகடனில் 'என் சரித்திரம்' தொடங்கினார். 1942இல் அவர் மறைந்தபோது தொடர் முடியாமலே நின்றது. நூலாக வந்தது 1950இல். கும்பகோணத்துக்கு முன்சீப்பாக வந்த சேலம் இராமசாமி முதலியார், சிற்றிலக்கியங்களையும் புராணங்களையும் படித்ததாக அடுக்கிய, அப்போது அங்கே இளம் தமிழாசிரியராக இருந்த சாமிநாதையரிடம் சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கதை இன்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதைத் தம் பதிப்புகளின் முன்னுரைக்குள் மட்டும் அவர் வைத்திருந்தால் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? விகடன் அவருடைய இடமல்ல. நகைச்சுவைத் துணுக்குகளும் சிரிப்புப் படங்களும் நிறைந்த ஜனரஞ்சகப் பத்திரிகை. அங்கே வந்து அந்த வாசகர்களின் மொழியில் அவர் பேசினார். உரையின் கனத்தைக் குறைத்துக்கொண்டாரே ஒழிய விஷயத்தைக் குறைக்கவில்லை.

கி.ராஜநாராயணனை எடுத்துக்கொள்ளுங்கள். 'கோபல்ல கிராமம்' 1976இல் வந்தது. இலக்கிய வாசகர்கள் அதைக் கையிலேந்தினார்கள். ஜூனியர் விகடனில் 'கரிசல் காட்டுக் கடுதாசி' வந்தபோது பஸ் ஸ்டாண்ட் பெட்டிக்கடையில் பத்திரிகை வாங்குகிறவர்களும் அவரைப் படித்தார்கள். 'கோபல்லபுரத்து மக்கள்' ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1991இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றது. நாஞ்சில் நாடன் 'தலைகீழ் விகிதங்கள்' எழுதியது 1977இல். ஏறத்தாழ முப்பதாண்டு கழித்து விகடனில் 'தீதும் நன்றும்' எழுதியபோதுதான் என் வீட்டிலேயே நாவல் படிக்காத என் அண்ணன் அவர் பெயரைச் சொல்லி, இவர் வேறு என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்டார். அப்படிக் கேட்கவைப்பதற்குத்தான் இத்தனையும்.

பெரிய பத்திரிகை எல்லோருக்கும் கிடைக்காது. அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை. எங்கள் பதிப்பகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர், சிவகங்கை, இராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். மடை, கலுங்கு, வரத்துக்கால், நீரைப் பங்கிடும் நீர்க்கட்டிகளின் முறை என்று வாழ்நாளெல்லாம் நேரில் பார்த்தவை. விழா சிறப்பாக நடந்தது. அதன்பின் கட்டுகள் எங்கள் மாடிப்படிக்குக் கீழே கிடந்தன. விவசாயிகள் சங்கம் ஒன்று நடத்தும் மாத இதழுக்கு ஒரு கட்டுரை எழுதுங்கள் சார் என்று நான்தான் நச்சரித்தேன். முதலில் அவர் அனுப்பியது நூலின் சுருக்கம்: முதல் அத்தியாயத்தில் இது, இரண்டாம் அத்தியாயத்தில் அது. திருப்பி அனுப்பினேன். ஒரே ஒரு விஷயம் எழுதுங்கள், அதை முழுதாக எழுதுங்கள் என்றேன்.

அவர் கலுங்கை, அதாவது கண்மாயின் உபரி நீர் வெளியேறும் இடத்தை, எடுத்துக்கொண்டார். பழைய கலுங்குகளின் தளத்தின்மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருக்கும். பெருமழைக் காலத்தில் அந்தக் கற்களின் இடைவெளி வழியே உபரி நீர் தடையின்றி அடுத்த கண்மாய்க்கு ஓடும். மழை ஓயும் தறுவாயில் இடைவெளிகளில் பலகையோ மண்ணோ வைத்து அடைத்து இன்னும் ஓரடி நீரைத் தேக்கிக்கொள்வார்கள். திறப்பதும் அடைப்பதும் ஊரார் கையில். மராமத்து என்ற பெயரில் கற்களை எடுத்துவிட்டுக் கலுங்கையே கான்கிரீட்டால் உயர்த்தினால் என்ன ஆகும்? மேலே நீர்ப்பிடிப்பை ஒட்டிய பட்டா நிலம் மூழ்கும்; கீழே உள்ள கண்மாய்க்கு வரவேண்டிய தண்ணீர் தாமதமாகும், சில ஆண்டு வராமலே போகும். இரண்டு ஊருக்கு நடுவே சண்டை மூளும். இவ்வளவுதான் கட்டுரை. நூலைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் அவர் பெயர், நூலின் பெயர், எங்கள் தொலைபேசி எண்.

அந்த மாதம் எங்கள் தொலைபேசிக்கு வந்த அழைப்புகள் நாங்கள் அதுவரை கேட்டறியாத ஊர்களிலிருந்து வந்தவை. பாசன சங்கத்துக்கு வைத்துக்கொள்ள என்று சேர்த்து வாங்கினார்கள். எங்கள் கலுங்கு அப்படியில்லை, இப்படி என்று அவரோடு வாதம் செய்தவர்களும் இருந்தார்கள். அவர் அவர்களைத் தேடிப் போனார். இரண்டாம் பதிப்பில் அந்த ஊர்கள் சேர்ந்தன. இலக்கிய மேடை எதிலும் அந்த நூலுக்கு இப்படிப்பட்ட வாசகர் கிடைத்திருக்க மாட்டார். தம் தொழிலை நன்கறிந்த ஒருவர் எழுதியதை, அதே தொழிலில் இருக்கிற ஒருவர் பென்சிலால் கோடு போட்டுப் படித்துவிட்டுப் போன் செய்வது ஒரு நூலுக்குக் கிடைக்கிற பெரிய மரியாதை என்று எனக்குப் படுகிறது.

ஆகவே இலக்கிய இதழ்களுக்கு வெளியேயும் பாருங்கள். ஆசிரியர் சங்கங்கள், வங்கி ஊழியர் சங்கங்கள், செவிலியர் அமைப்புகள் இதழ் நடத்துகின்றன. குழந்தைகளுக்கு அறிவியல் எழுதுகிறவருக்குத் துளிர் இருக்கிறது. சுற்றுச்சூழல் எழுதுகிறவருக்குப் பூவுலகு இருக்கிறது. கோயில் மலர், பள்ளி ஆண்டுமலர், ஊர்ச் சங்க மலர் எதையும் சிறிதென்று தள்ளாதீர்கள். ஆனால் போகிற இடத்துக்கு மரியாதை வேண்டும். அந்த இதழின் பழைய பிரதிகளை வாங்கிப் படித்துவிட்டு, அதன் வாசகருக்கு என்ன தேவை என்று பார்த்துவிட்டு எழுதவேண்டும். ஒரே கட்டுரையை ஐந்து இடத்துக்கு ஒரே நேரத்தில் அனுப்புவது ஆசிரியர்களை அவமதிப்பது. தெரிந்தால் அடுத்தமுறை உங்கள் உறையைப் பிரிக்கவே மாட்டார்கள்.

நூலின் ஆகச்சிறந்த பகுதியைக் கொடுத்துவிட்டால் யார் புத்தகம் வாங்குவார்கள் என்று பலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சத்தால் உப்புச்சப்பில்லாத பகுதியைத் தேர்ந்து அனுப்புகிறார்கள். அதைப் படிக்கிறவர் புத்தகமும் இப்படித்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுவார். சிறந்ததையே கொடுங்கள். முடிந்தால் நூலில் இல்லாத ஒன்றைப் புதிதாக எழுதிக் கொடுங்கள். நாவலாசிரியருக்கும் கவிஞருக்கும் இது கூடுதல் சுமை என்பது உண்மைதான். மாதத்துக்கொரு கட்டுரை என்று ஒப்புக்கொண்டு, நாவலைப் பாதியில் நிறுத்தியவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்யவேண்டாம். நூல் வருவதற்கு முன் ஒன்று, வந்தபின் ஒன்று, அதுவே போதும்.

பதிப்பாளர்களின் பங்கும் உண்டு. கட்டுரை வெளிவருகிற வாரத்தில் புத்தகம் இருப்பில் இருக்கவேண்டும். போனை எடுக்க ஆள் இருக்கவேண்டும். பணம் அனுப்பியவருக்கு மறுநாளே கூரியர் போகவேண்டும். ஒரு வாசகர் கேட்டு நாம் இல்லையென்று சொன்னால் அவர் இரண்டாம் முறை கேட்பதில்லை.

பத்திரிகை ஆசிரியர்களுக்கும், இந்தப் பத்திரிகையின் ஆசிரியருக்கும் சேர்த்து, ஒரு வேண்டுகோள். கட்டுரையின் அடியில் எழுத்தாளர் தரும் நூற்பெயரை விளம்பரம் என்று சொல்லி வெட்டிவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இடமில்லை என்றால் முதலில் வெட்டுப்படுவது அந்த வரிதான். சன்மானம் தராமலோ மிகக் குறைவாகத் தந்தோ வாங்குகிற கட்டுரைக்கு அந்த ஒரு வரிதான் கூலி. படித்து முடித்த வாசகர் மேலும் தெரிந்துகொள்ள விரும்பினால் எங்கே போவது என்று சொல்வது வாசகருக்குச் செய்யும் உதவியும்கூட. விளம்பரப் பக்கத்தில் எத்தனையோ பொருள்களுக்கு இடம் இருக்கிறது. ஒரு நூலின் பெயருக்கு அரை அங்குலம் ஒதுக்கினால் எந்த அறமும் கெட்டுவிடாது. பணம் கொடுக்கக்கூடிய பத்திரிகைகள் பணமும் கொடுக்கவேண்டும். எழுத்தாளர் உங்கள் பக்கத்துக்கு விருந்தாளியாக வருகிறார், வெறுங்கையோடு அனுப்பாதீர்கள்.

எங்கள் பதிப்பகத்தில் இப்போது அச்சில் இருப்பது, அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் பல்லாண்டு வேலை பார்த்த ஓர் அம்மாவின் அனுபவ நூல். விழா வைக்கவில்லை. நூலில் இல்லாத ஒரு கட்டுரையை, முதல் முறை பிரசவ வார்டுக்குள் நுழைகிற பயிற்சிச் செவிலியருக்கென்றே எழுதியிருக்கிறார். செவிலியர் அமைப்பின் இதழ் ஒன்று அடுத்த மாதம் வெளியிடுகிறது. நூற்பெயரும் எங்கள் எண்ணும் அடியில் இருக்கும் என்று அதன் ஆசிரியர் உறுதி சொல்லியிருக்கிறார்.