பதினைந்து கோழிக்கு நூறு டோஸ் மருந்தா?

ஒரகடம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். வீட்டுக்காரர் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறார். புழக்கடையில் நாட்டுக்கோழி வளர்ப்பது இவர் பொறுப்பு. முட்டை விற்ற காசும் சேவல் விற்ற காசும்தான் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகச் செலவுக்கு. ஒன்றரை வருடத்தில் மூன்று முறை கோழிகள் கூட்டமாகச் செத்துவிட்டன. ஒவ்வொரு முறையும் வண்டியில் வரும் வியாபாரியிடம் புதுக்கோழி வாங்கி விட்டிருக்கிறார். கடைசியாக, பங்குனி மாதத்தில் பதினைந்தில் பன்னிரண்டு போய், மூன்று பெட்டை மட்டும் மிச்சம். பச்சையும் வெள்ளையுமாகக் கழிச்சல், வாயைத் திறந்து மூச்சு வாங்குதல், இரண்டொன்றுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது. 'இந்த இடம் கோழிக்கு ராசியில்லை, விட்டுவிடு' என்கிறாராம் மாமியார். விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

இடத்துக்கு ஒரு குறையும் இல்லை. எழுதியிருக்கும் அடையாளங்கள் வெள்ளைக்கழிச்சலைக் காட்டுகின்றன. ராணிக்கெட் நோய் என்பதும் இதுதான். இமயமலை அடிவாரத்துக் குமாவுன் பகுதியில் இருக்கும் ராணிக்கெட் ஊரில் 1920-களில் அடையாளம் காணப்பட்டதால் இந்தப் பெயர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் கண்டார்கள். உலகம் முழுக்க அந்தப் பெயரில்தான் அழைக்கிறார்கள். பாவம், இரண்டு ஊர்களும் கோழிச்சாவுக்குப் பெயர் கொடுத்து நிற்கின்றன.

இது வைரஸ் நோய். வந்த பிறகு அதைக் கொல்ல மருந்து கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் டெட்ராசைக்ளின் மாத்திரை வாங்கி உடைத்துக் கொடுப்பது இந்தப் பக்கத்தில் வழக்கம். அது பாக்டீரியாவுக்கான மருந்து. வெள்ளைக்கழிச்சல் வைரஸை ஒன்றும் செய்யாது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, கீழாநெல்லி அரைத்துக் கொடுப்பதில் தவறில்லை. ஆனால், அதைத் தடுப்பூசிக்குப் பதிலாக நம்பினால் அடுத்த பங்குனியிலும் இதே கதைதான்.

தடுப்பூசி ஒன்றும் எட்டாத பொருளல்ல. தமிழ்நாட்டுக்கான கால்நடைத் தடுப்பு மருந்துகளைத் தயாரிக்கும் நிலையம் ராணிப்பேட்டையில் 1932 முதல் இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து அதே பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் வந்துவிடும். கோடைக்கு முன்பாக, பெரும்பாலும் பிப்ரவரியில், கால்நடை பராமரிப்புத் துறை இருவார முகாம் நடத்தி இலவசமாகவே ஊசி போடுகிறது. பிறகு ஏன் கோழி சாகிறது? முகாம்காரர்கள் வரும்போது பொழுது நன்றாக ஏறியிருக்கும். கோழிகள் மேயப் போயிருக்கும், கம்பெனிக்குப் போனவர் வீடு பூட்டியிருக்கும். தெருவில் பாதிக் கோழிக்குத்தான் ஊசி விழும்.

தனியாக மருந்து வாங்கிப் போடலாமென்றால் இன்னொரு சிக்கல். ஒரு குப்பி பெரும்பாலும் நூறு டோஸ். பதினைந்து கோழிக்கு எதற்கு நூறு டோஸ் என்று பலர் வாங்காமலே திரும்பிவிடுகிறார்கள். கலக்கிய மருந்தை நாளைக்கு என்று வைத்திருக்கவும் முடியாது; நிழலில் வைத்து ஓரிரு மணி நேரத்துக்குள் போட்டு முடிக்க வேண்டும். ஆகவே இது ஒரு வீட்டு வேலை இல்லை, ஒரு தெரு வேலை. ஏழெட்டு வீட்டுக்காரர்கள் பேசி ஒரே நாளை வைத்துக்கொள்ளுங்கள். காலை ஷிப்டு பஸ் வருவதற்கு முன்னால், பஞ்சாரத்தைத் திறக்காமல் இருக்கும் நேரம்தான் சரி. மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவர வேண்டும். வெயிலில் பைக் பெட்டியில் வந்த மருந்து வெறும் தண்ணீர்தான்.

குஞ்சுக்கு முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு (எஃப்-1 அல்லது லசோட்டா), நான்காம் வாரம் லசோட்டா மறுபடி, எட்டாம் வாரத்தில் இறக்கைக்கு அடியில் தோலுக்குள் ஆர்2பி ஊசி அரை மில்லி. அதன் பிறகு ஆண்டுதோறும் முகாமை விடக்கூடாது. லசோட்டாவைக் குடிநீரில் கொடுப்பதானால் குளோரின் கலந்த பஞ்சாயத்துத் தண்ணீர் ஆகாது, மருந்து செத்துவிடும். கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் தீவனத்தோடு கொடுக்கும் குருணை மருந்தும் உருவாக்கியிருக்கிறது. கோழியைப் பிடிக்க ஆளில்லாத வீடுகளுக்கு அது வசதி. காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம்.

அடுத்தது, யாரும் பேச விரும்பாத விஷயம். முதல் கோழி தலை தொங்கியதும் மற்றவற்றை அவசரமாக வியாபாரிக்குத் தள்ளிவிடுகிறோம். அல்லது அறுத்துக் குழம்பு வைத்து, இறகையும் குடலையும் குப்பையில் போடுகிறோம். நாயும் காக்கையும் அதை அடுத்த தெருவுக்கு இழுத்துப் போகும். நோய் உள்ளே இருந்தும் வெளியே தெரியாமல் ஐந்தாறு நாள் நல்லபடியாகத் திரியும் கோழியைத்தான் இன்னொரு வீட்டில் 'புதுக்கோழி' என்று வாங்குகிறார்கள். வாசகி வீட்டுக்கு மூன்று முறை வந்ததும் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். விற்றால் கையில் நாலு காசு கிடைக்கும் என்பது உண்மை. அந்தக் காசு ஊரில் வேறொரு பெண்ணின் முட்டைக் காசு என்பதும் உண்மை. செத்ததை ஆழமாகக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். இந்த வைரஸ் மனிதருக்குக் கண்வலி கொடுக்கும்.

சாவு எல்லாமே வெள்ளைக்கழிச்சலும் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகள் ரத்தமாகக் கழிந்தால் அது ரத்தக்கழிச்சல். இதற்கு ஆம்ப்ரோலியம் மருந்து உண்டு, தரையை ஈரமில்லாமல் வைத்தால் பாதி வேலை முடிந்தது. கொண்டையில் பொருக்கு கட்டினால் அம்மை, கொசுவால் பரவுவது. கேன்டீன் மிச்சச் சோறு கொட்டுகிறவர்கள் உப்பும் பூஞ்சையும் கோழியைக் கொல்லும் என்பதை நினைவில் வையுங்கள். ஒரே நாளில் பல கோழிகள் கொண்டை நீலமாகிச் செத்தாலோ, கூடவே காக்கைகளும் விழுந்தாலோ, அறுத்துப் பார்க்காதீர்கள், தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கலாம். உடனே கால்நடை மருத்துவமனைக்கோ 1962 எண்ணுக்கோ சொல்லிவிட வேண்டும். மற்றபடி, இன்ன நோய்தான் என்று உறுதி செய்ய, அன்று செத்த கோழியை இரண்டு பைகளில் கட்டி, ஐஸ் வைத்து, மருத்துவரிடம் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். அழுகியதில் ஒன்றும் தெரியாது.

இனி அந்த மூன்று பெட்டைகள். பிழைத்த கோழி எதிர்ப்பு சக்தி உள்ள கோழிதான். ஆனால், சில வாரங்களுக்கு எச்சத்தில் கிருமியை வெளியேற்றலாம். கடைசிச் சாவிலிருந்து குறைந்தது ஒரு மாதம் வேறு கோழியோ குஞ்சோ வீட்டுக்குள் வரக்கூடாது. பஞ்சாரத்தை வெயிலில் போட்டு, பழைய குப்பையைக் கொளுத்தி, கூண்டுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள். பிறகு வெளிக்கோழி வாங்காமல், இவற்றிலேயே ஒன்று அடை உட்காரும்போது முட்டை வைத்து, குஞ்சு பொரித்த ஏழாம் நாள் சொட்டு மருந்திலிருந்து தொடங்கலாம். சேவலுக்கு மட்டும் வெளியே போக வேண்டியிருக்கும். ஊசி போட்ட வீட்டில் வாங்கி, இரண்டு வாரம் புழக்கடையின் மறுகோடியில் தனியாகக் கட்டி வைத்துப் பார்த்த பிறகு சேர்த்து விடுங்கள்.