முதல் கேள்வி 'எத்தனை வெள்ளி?' அல்ல, 'எத்தனை நாள்?'

பல்கலைக்கழக விடுமுறை நெருங்கும்போதெல்லாம் நண்பர்களின் பேச்சில் இமயமலை ஏரிகள் வந்துவிடுகின்றன. லிட்டில் இந்தியாவில் பயண முகவர்களின் விளம்பரங்களைப் பார்த்தால், அங்கே முக்திநாத்தும் மானசரோவரும். பிள்ளைகள் மலையேறப் போகிறார்கள்; பெரியவர்கள் யாத்திரை போகிறார்கள். இரு தரப்பினரும் முதலில் கேட்பது, "எத்தனை வெள்ளி?" என்பதுதான். "உடல் உயரத்துக்குப் பழக எத்தனை நாள் ஒதுக்கியிருக்கிறீர்கள்?" என்று கேட்பவர் குறைவு. அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும் என்கிறேன் நான்.

சென்ற மே மாதம் நாங்கள் நால்வர் நேப்பாளத்தில் உள்ள கோசாய்குண்டா ஏரிக்குச் சென்றோம். லாங்டாங் தேசியப் பூங்காவில், ஏறத்தாழ 4,380 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்த ஏரி. பனியாறு குடைந்த பள்ளத்தில் நீர் தேங்கி உருவானது. ஆலகால நஞ்சை உண்ட சிவபெருமான் தொண்டை எரிச்சலைத் தணிக்கத் திரிசூலத்தால் மலையைக் குத்தி வரவழைத்த நீர் இது என்பது அங்குள்ளவர்களின் நம்பிக்கை. நம் கோயில்களில் பிரதோஷத்தன்று கேட்டு வளர்ந்த நீலகண்டன் கதையின் தொடர்ச்சி அவ்வளவு தூரத்தில் இருப்பது எனக்கு வியப்பாக இருந்தது. ஆகஸ்ட் மாதப் பௌர்ணமியை ஒட்டி ஆயிரக்கணக்கான பக்தர்கள் அங்கே நீராடச் செல்கிறார்கள்.

அந்தப் பக்தர்களை மருத்துவர்கள் ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பரிசோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு உயர்மலை நோயின் அறிகுறிகள் இருந்தன. சிலருக்கு மூளை வீக்கம் வரை போயிருந்தது. அவர்களுக்கு உடல் வலு இல்லை என்பதல்ல காரணம். தாழ்வான ஊர்களிலிருந்து ஓரிரு நாள்களில் அவ்வளவு உயரம் ஏறிவிட்டார்கள் என்பதே காரணம்.

சிங்கப்பூரர்களான நாம் இதைக் கூடுதல் கவனத்துடன் படிக்க வேண்டும். நம் நாட்டின் ஆக உயரமான புக்கிட் தீமா குன்றின் உயரம் 163 மீட்டர்தான். கோசாய்குண்டாவில் காற்றழுத்தம் குறைவு. அதனால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறத்தாழ 60 விழுக்காடுதான். வீவக புளோக்கின் படிகளில் தினமும் ஏறி இறங்கினால் கால்கள் வலுப்பெறும். ஆனால் உடல் உயரத்துக்குப் பழகாது. அதற்கு நாள்கள்தான் வேண்டும். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு தங்கும் இடத்தை நாளுக்குச் சுமார் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக்கூடாது, மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை அதே உயரத்தில் ஓய்வு எடுக்க வேண்டும் என்பது மருத்துவர்களின் பொதுவான அறிவுரை.

எங்களிடம் ஒரு முகவர் முதலில் காட்டிய திட்டத்தில் ஓய்வுநாளே இல்லை. நாங்கள் இரண்டு நாள் கூட்டிக் கேட்டோம். அந்த இரண்டு நாள்தான் என் தோழிக்குக் கைகொடுத்தது. எங்கள் நால்வரில் நன்றாக ஓடக்கூடியவள் அவள். 3,900 மீட்டர் உயரத்தில் லௌரிபினாவில் அவளுக்குத் தலைவலி, வாந்தி. வழிகாட்டி அண்ணன் ஒரே வார்த்தையில் "இறங்குவோம்" என்றார். அனைவரும் சந்தன்பாரி வரை இறங்கினோம். அங்கே தலைவலி முழுமையாக விட்டபின் ஓய்வெடுத்து, மெதுவாக மீண்டும் ஏறினோம். கரையோரம் பனிக்கட்டி மிதந்த ஏரியை நால்வரும் சேர்ந்து பார்த்தோம். பழைய திட்டப்படி போயிருந்தால், ஏரியா உடல்நலமா என்று அவள் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்திருக்கும். மற்ற மூவரின் முகத்தைப் பார்த்து, வலியை மறைத்துக்கொண்டு அவள் நடந்திருக்கவும் கூடும். ஆபத்து தொடங்குவது அங்கேதான்.

மாணவர்களிடம் பணம் ஏது, கூடுதல் நாளுக்கு எங்கே போவது என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் செலவில் பெரும்பங்கு விமானச் சீட்டுக்குப் போகிறது. மலைவழித் தங்குவிடுதியில் இன்னும் இரண்டு இரவும் பருப்புச் சோறும் அதோடு ஒப்பிட்டால் சிறு தொகையே. பணம் போதவில்லை என்றால், நாள்களைக் குறைப்பதைவிட உயரம் குறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்தெடுப்பது மேல்.

2012ல் எவரெஸ்ட் சிகரத்தை எட்டியவர் சிங்கப்பூர்த் தமிழரான டாக்டர் குமரன் ராசப்பன். எவரெஸ்ட் ஏறுவோர் உச்சியை நோக்கிப் புறப்படும் முன், உடலைப் பழக்குவதற்காகவே வாரக்கணக்கில் மேலே ஏறுவதும் கீழே இறங்குவதுமாக இருப்பார்கள். அவர்களுக்கே அவ்வளவு நாள் தேவைப்படும்போது நமக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

பல்கலைக்கழக, பலதுறைத் தொழிற்கல்லூரி மன்றங்கள் இத்தகைய பயணங்களைத் திட்டமிடும்போது, ஒவ்வோர் இரவும் எத்தனை மீட்டர் உயரத்தில் தங்குகிறோம் என்பதை முதலில் தாளில் எழுதிப் பார்க்கட்டும். யாருக்கு முடியவில்லையோ அவர் தயங்காமல் சொல்லலாம், அவரை யாரும் குறைகூறக் கூடாது என்று புறப்படும் முன்பே பேசி முடிவுசெய்யட்டும். அறிகுறி இருக்கும்போது மேலே ஏறுவதில்லை என்பதில் உறுதியாக இருக்கட்டும்.

வீட்டில் தாத்தா பாட்டி யாத்திரைக்குப் பெயர் கொடுத்திருந்தால், அந்தப் பயணத் திட்டத்தையும் ஒருமுறை வாங்கிப் படியுங்கள். முக்திநாத் ஏறத்தாழ 3,700 மீட்டர், மானசரோவர் ஏறத்தாழ 4,600 மீட்டர். ஓய்வுநாள் எங்கே என்று முகவரிடம் கேளுங்கள்; புறப்படும் முன் மருத்துவரைப் பார்க்க அவர்களை அழைத்துச் செல்லுங்கள். இணையத்தில் விமானச் சீட்டு எடுத்துக் கொடுக்கும் நமக்கு, இதைக் கேட்டுச் சொல்வது பெரிய வேலை இல்லை.