மறதிக்கு முதுமை மட்டுமா காரணம்?

“பாட்டிக்கு வயதாகிவிட்டது. அதுதான் இப்படி உளறுகிறாள்!”

பல வீடுகளில் இப்படிச் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்கிறார்கள். இது தவறு.

சாவியை வைத்த இடம் மறந்து போவது யாருக்கும் உண்டு. ஆனால், நாற்பது வருடம் நடந்த தெருவில் வழி தெரியாமல் நிற்பது வேறு. காய்கறிக்காரரிடம் சில்லறை எண்ணத் தெரியாமல் விழிப்பது வேறு. அது மூளையைத் தாக்கும் நோயாக இருக்கலாம்.

யாருக்கு அதிகம்?

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2023-ல் வெளிவந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல் இந்த மறதி நோய் இருப்பதாக அது கூறியது. மொத்தம் சுமார் 88 லட்சம் பேர்!

ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். பட்டணத்தைவிடக் கிராமத்தில் அதிகம். படித்தவர்களைவிடப் படிக்காதவர்களுக்கு அதிகம்.

படிக்காதது பாட்டியின் குற்றமா? அண்ணன் பள்ளிக்கூடம் போனான். அவள் தம்பியை இடுப்பில் சுமந்துகொண்டு வீட்டில் நின்றாள். இளமையில் படிக்கும் படிப்பு மூளைக்குச் சேமிப்பு. கையில் சேமிப்பு இருந்தால் கஷ்ட காலத்தைச் சமாளிக்கலாம். அவளுக்கு அந்தச் சேமிப்பை யாரும் கொடுக்கவில்லை.

பாதியைத் தடுக்கலாம்

ரத்தக் கொதிப்பு, நீரிழிவு, காது மந்தம், கண் மங்கல், தனிமை ஆகியவையும் இந்த நோய்க்கு வழி செய்கின்றன. இப்படி 14 காரணங்களை உலக மருத்துவ அறிஞர் குழு ஒன்று 2024-ல் பட்டியல் போட்டது. இவற்றைக் கவனித்தால், ஏறக்குறையப் பாதிப் பேருக்கு நோய் வராமல் தடுக்கலாம், அல்லது தள்ளிப்போடலாம்.

ஆனால், கவனிக்கப் பணம் வேண்டுமே! காது கேட்காத பணக்காரர் கருவி வாங்குகிறார். கூலிக்காரர் “செவிடர்” என்று பெயர் வாங்குகிறார்!

தமிழ்நாட்டில் 2021-ல் “மக்களைத் தேடி மருத்துவம்” தொடங்கியது. ரத்தக் கொதிப்பு மாத்திரை வீடு தேடி வந்தது. அதே போல, முதியவர்களின் காது, கண், நினைவு ஆகியவற்றைச் சோதிக்கவும் எல்லா ஊருக்கும் ஆள் வர வேண்டும். ஏழைகளுக்கு இது சலுகை அல்ல; உரிமை.

நம் கடமை

பாட்டி ஒரே கேள்வியைப் பத்துத் தடவை கேட்டால், அதட்டாதீர்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இன்று பத்து நிமிடம் பாட்டியின் பக்கத்தில் உட்காருங்கள். பேசச் சொல்லிக் கேளுங்கள்.

உங்களுக்குப் பேசக் கற்றுக் கொடுத்தவள் அவள்!